மூக்கில்லாத இருபத்தோரு காசு

ரொம்ப காலத்துக்கு முன்னாடி நெடுநாசின்னு ஒரு ராஜா இருந்தாரு. எந்த ஊருன்னு கேக்காதீங்க, கதைக்கு அது வேண்டாம். அவர் மூக்கு மட்டும் வேணும். அவரு வம்சத்துக்கே மூக்குதான் பெருமை. அவங்க அடிச்ச வெள்ளிக்காசுல ஒரு பக்கம் யானை, மறுபக்கம் ராஜா முகம். முகம்னு பேருதான், முக்காவாசி மூக்கு.

அந்த நாட்டு மலையில நஞ்சின்னு ஒருத்தி. அவகிட்ட இருபத்தோரு பழைய வெள்ளிக்காசு கோத்த மாலை ஒண்ணு. நாலு தலைமுறையா கழுத்து மாறி கழுத்து வந்தது. அது ஏறாம அந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. நஞ்சி மக பொம்மிக்கு பௌர்ணமிக்குக் கல்யாணம். அந்த நேரம் பாத்து கயிறு அறுந்துச்சு.

நஞ்சி கீழ இறங்கி, பொன்னுரங்கம்ங்கிற நகை வியாபாரிகிட்ட கோக்கக் குடுத்தா. மூணு நாள் கழிச்சு வாங்கிப் போட்டா. போட்டதுமே "ஆ!"ன்னா.

"என்னம்மா?"

"மூக்கு குத்துது."

"எந்த மூக்கு?"

"ராஜா மூக்குய்யா! என் மாலை குத்தாது. இது என்னுது இல்ல."

"நீ குடுத்ததத்தான் கோத்துக் குடுத்தேன். போ, போ."

நஞ்சியா போவா? எட்டிப் பாத்தா, அவன் பெட்டிக்குள்ள அவ மாலை! அவன் மடியப் புடிச்சு, ரெண்டு மாலையோட சேத்து அரமனைக்கு இழுத்துட்டுப் போனா.

"இது எங்க குடும்பச் சொத்து ராஜா. அவளோடது அவ கையிலயே இருக்கு"ன்னு பொன்னுரங்கம் கண்ணக் கசக்குனான்.

ராஜா மூணு நோட்டக்காரங்களக் கூப்பிட்டாரு. காசு நல்லதா, கள்ளமான்னு சொல்றதுதான் அவங்க வேலை. வேலைன்னு நான் சொல்லல, அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

முதல் ஆளு எடை போட்டான். ரெண்டும் ஒரே எடை. பொன்னுரங்கம் ஈயம் கலக்குறதுல கெட்டிக்காரன்.

ரெண்டாவது ஆளு கடிச்சான். அவன் பல்லு விழுந்துச்சு. பல்லத் தேடுறதுலயே அரை நாழிகை போச்சு.

மூணாவது ஆளு உத்துப் பாத்தான். "ராஜா! நஞ்சி கையில இருக்குறதுல யானை தேஞ்சிருக்கு. வெளிப்பக்கம்தானே தேயும்? அதனால அதுதான் பழைய மலைமாலை. வியாபாரியோடதுல யானை பளிச்சுன்னு இருக்கு, ஆனா ராஜாவுக்கு மூக்கு இல்ல. வார்ப்புல கோளாறு"ன்னான்.

"மூக்கு இல்லியா?" ராஜா துள்ளி எழுந்தாரு. "எங்க முப்பாட்டனுக்கா? எங்க போச்சு?"

மூக்கு எங்க போச்சுன்னு நஞ்சிக்குத் தெரியும். சொன்னா கழுத்து போகும். சொல்லாட்டி பொம்மி கல்யாணம் போகும்.

"எங்க கழுத்துல கரைஞ்சு போச்சு ராஜா"ன்னுட்டா.

"என்னது?"

"நாங்க உங்க முகத்த உள்பக்கமா திருப்பித்தான் போடுவோம். வெளிய பாத்துச்சுன்னா, நாங்க எடுக்குற மலைத்தேன் எந்தப் பாறையில இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். ஆளனுப்பி அள்ளிட்டுப் போயிடுவீங்க. நாலு தலைமுறை வேர்வை, மூக்கு தேயாம என்ன செய்யும்? இந்த அறிவாளி பொன்னுரங்கம், வெளிப்பக்கம் தேயும்னு நெனச்சு யானைய மணல் போட்டுத் தேச்சிருக்கான். மூக்க மறந்துட்டான்."

ராஜா முகம் செவந்துச்சு. சந்தைக்கு வந்திருந்த மூணு மலைப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. முதல் பொம்பள போட்டிருந்த காசு மாலையத் திருப்பினாரு, மூக்கு இல்ல. ரெண்டாவத, மூக்கு இல்ல. மூணாவதுல மூக்கும் இல்ல, வாயும் இல்ல.

"அது எங்க மாமியார் மாலை, அவங்களுக்கு வேர்வை ஜாஸ்தி"ன்னா அந்தப் பொம்பள.

ராஜா தன் மூக்க ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கிட்டாரு. இருந்துச்சு.

"கழுத்து போற விஷயத்தையே மறைக்காதவ, மாலைக்காகவா பொய் சொல்லுவா? மாலை நஞ்சியோடது"ன்னாரு. "டேய் பொன்னுரங்கம், நீ செஞ்ச மாலைய நீயே போட்டுக்க. முகம் உள்பக்கம். மூக்கு தேயுற வரைக்கும் கழட்டக் கூடாது."

"எத்தன நாளாகும் ராஜா?"

"இவங்களுக்கு நாலு தலைமுறை ஆச்சாம்."

பொன்னுரங்கம் போட்டான். "ஆ!"ன்னான். இருபத்தோரு மூக்காச்சே!

நஞ்சி கெளம்புறப்ப ராஜா மெதுவா கேட்டாரு, "ஆமா, தேன் எந்தப் பாறையில?"

நஞ்சி மாலைய எடுத்து, முகமெல்லாம் உள்ள போற மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டா. "இப்ப உங்களுக்குத் தெரியாதே ராஜா!"

ராஜா எட்டி எட்டிப் பாத்தாரு. இருபத்தோரு யானைதான் தெரிஞ்சுச்சு. அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. அந்தப் பௌர்ணமிக்கு பொம்மி கழுத்துல மாலை ஏறுச்சு, பந்தியில எல்லாருக்கும் தேன்.

கதை சொல்றது இதுதான்: தனக்கே கேடு வரும்னு தெரிஞ்சும் உண்மையச் சொல்றவங்க பேச்ச எந்தத் தராசுலயும் வெச்சுப் பாக்க வேண்டியதில்ல.