ஊற்றடிச் சிரட்டை

பொன்லிங்கத்துக்கு வயது அறுபத்தேழு. அவருடைய குரு சொர்ணத்தாய்க்கு நாற்பத்தொன்று.

பொன்லிங்கம் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் மூட்டை எண்ணியவர். ஓய்வு பெற்றபின் தேரிக்காட்டின் ஓரத்தில் வீடு கட்டினார். கட்டி முடித்தபோது, பால் காய்ச்ச மனைவி இல்லை.

தேரி முழுக்கச் செம்மணல் மேடு. காற்று அடித்தால் மேடு இடம் மாறும். அதற்குள் ஒரு மணல் ஊற்று வரைக்கும் ஒரு பழைய தடம் போகிறது. இப்போது அந்த வழியாக யாரும் அதிகம் போவதில்லை.

தேரியடியில் ஓலைக் கொட்டகையில் தனியாக இருந்து, தேடி வருகிறவர்களுக்குப் புத்தி சொன்னவர் சொர்ணத்தாய். அவரிடம் போய், "வீட்டுக்குள்ள இருக்க முடியல, அம்மா" என்றார் பொன்லிங்கம்.

"சாயங்காலம் ஊத்து வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார் அவர்.

இருபத்திரண்டு நாள் நடந்தார். இருபத்துமூன்றாம் நாள் காலையில் பையோடு வந்து நின்றார்.

"சென்னைக்குப் போறேன், அம்மா. மக கூப்பிடுறா. பதினோரு மணி பஸ்ஸு. இனி வர மாட்டேன்."

"தடம் எப்படி இருந்துச்சு, அண்ணாச்சி?"

"ஊத்து வரைக்கும் ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது தப்படி. பனை அறுபத்தி மூணு. உடைமுள்ளு மரம் ஒம்பது."

"ஆளு?"

"ஒருத்தரும் இல்ல. ஒரு காலடி கூட இல்ல. நான் வச்ச காலடியே மறுநாள் இல்ல. செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது."

"சென்னையில எண்ண என்ன இருக்கு?"

"மக வீடு பதினாலாவது மாடி. மாடிய எண்ணிக்கிடுவேன்."

சொர்ணத்தாய் முற்றத்து மணலில் கையால் ஒரு குழி பறித்தார். ஒரு சாண் ஆழம். பிறகு உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்தார். இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். ஆடிக் காற்று விடாமல் அடித்தது.

தம்ளர் காலியானபோது குழி இல்லை.

"இது சின்னது. ஊத்து மூடணும்னா ஒரு ராத்திரி ஆவும்" என்றார் சொர்ணத்தாய். "நீங்க போறப்ப ஊத்து எப்படி இருந்துச்சு?"

"திறந்துதான் இருந்துச்சு. முழங்கால் ஆழம். தெளிஞ்ச தண்ணி."

"எத்தனை நாளு?"

"இருபத்தி ரெண்டு நாளும்."

சொல்லிவிட்டு, குழி இருந்த இடத்தைப் பார்த்தார் பொன்லிங்கம்.

"எதுல மொண்டு குடிச்சீங்க?"

"பக்கத்துப் பனையில ஒரு தேங்காச் சிரட்டை மாட்டியிருக்கும். அதுல."

"குடிச்சிட்டு?"

"கீழ போட்டுட்டு வந்துருவேன்."

"மறுநாளு?"

பொன்லிங்கம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பனையிலதான் இருக்கும்."

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. பொன்லிங்கம் பையைத் தொட்டார். எடுக்கவில்லை.

"யாரும்மா அது?"

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. அவங்களுக்கும் உங்களைத் தெரியாது. நேத்து நீங்க கீழ போட்டதை இந்நேரம் எடுத்து மாட்டியிருப்பாங்க. நீங்க போயிட்டா, நாளைக்கு அவங்க வந்து பார்க்கையில அது மாட்டினபடியே இருக்கும்."