கலிங்கைத் திறந்த நியாயக்காரர்

தேனங்குடி என்று ஓர் ஊர். எந்த நாட்டில், எந்த ராஜா காலத்தில் என்று கேட்டுத் துளைக்காதீர்கள். ஏரி இருந்தது, வயல் இருந்தது, வாய் ஓயாத சபை ஒன்றும் இருந்தது. கதைக்கு அது போதும். அந்தச் சபை ஒரு சட்டம் வைத்திருந்தது. ஒருவருக்கு ஒரு பொறுப்புதான். இன்னொன்றை ஏற்றுக்கொண்டால், ஏற்ற அந்தக் கணமே பழையது போய்விடும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஏரித் தண்ணீரைப் பங்கிடுகிறவரே தண்ணீர்த் தகராறுக்குத் தீர்ப்பும் சொன்னால் ஊர் உருப்படுமா?

யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதைக் குடம்தான் சொல்லும். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். பெயர் வந்தவர் சபை நடுவே தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் பொறுப்பை ஏற்றதாக அர்த்தம். அன்றைக்கு ஊருக்கெல்லாம் பந்தி. வினை அந்தப் பந்தியில்தான் இருந்தது. ஒரே நாளில் இரண்டு குடம் குலுக்கினால் ஒரு விருந்து கெட்டுப்போகுமே என்று, நாளுக்கு ஒரு குடம் என்பதை வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். மூளை செய்யவேண்டிய வேலையை வயிறு செய்தால் வேறென்ன ஆகும்!

ஏரிப் பொறுப்பில் இருந்தவர் ஆரூரன். கெட்டிக்காரர், தண்ணீர் விஷயத்தில் யாருக்கும் முகம் பார்க்கமாட்டார். ஆனால் மனசெல்லாம் நியாயக்காரர் மேடையில். ஊருக்கே ஒரு நியாயக்காரர்தான். ஒவ்வொரு குலுக்கலிலும் வேறு யார் பெயராவது வரும். இவர் வீட்டுக்குப் போய், குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் எரிந்து விழுவார். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கும், பாவம் அந்த அம்மாள்.

பழைய நியாயக்காரர் காலமான ஐப்பசியில் மறுபடி குடம் குலுக்கினார்கள். வந்தது ஆரூரன் பெயர்! தட்டை வாங்கும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ ஏரிக்கு யாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சபைத் தலைவர் மணியனார், "அதை நாளைக்குப் பார்த்துக்கலாம். இலையைப் போடச் சொல்லுங்க" என்றார். கலிங்கின் சாவி ஆரூரன் இடுப்பிலேயே இருந்தது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கலிங்கு என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீரை வெளியே விடும் வாய். அதன் பலகைகளுக்குப் பூட்டு உண்டு.

முந்தின நாளிலிருந்தே நல்ல மழை. பந்தியில் பாயசம் வந்த நேரம், கரைக் காவல்காரன் நனைந்துகொண்டே ஓடிவந்தான். "ஐயா, கரையில கசியுது! இப்பவே கலிங்கைத் திறக்கலேன்னா உடைஞ்சிரும்!"

எல்லாக் கண்ணும் ஆரூரன் பக்கம் திரும்பின. மணியனார் மூச்சு விடவில்லை. ஆரூரன் எச்சில் கையோடு எழுந்து ஓடினார், பலகைகளைத் தூக்கினார். கரை பிழைத்தது, ஊர் பிழைத்தது. ஆனால் பாய்ந்த தண்ணீர், கலிங்குக்குக் கீழே அறுவடைக்கு நின்ற சேந்தியின் நெல்லை மொத்தமாக மூழ்கடித்துவிட்டது. சேந்தி புருஷனை இழந்தவள். அந்த ஒரு வயல்தான் அவள் குடும்பத்துக்குச் சோறு.

இந்த மாதிரி சேதத்துக்கும் தேனங்குடியில் சட்டம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் ஊருக்காகச் செய்த காரியம் என்றால் ஊர்க் களஞ்சியம் நெல் கொடுக்கும். தனி ஆள் செய்தது என்றால் அவர் தன் வயலையே எழுதிக் கொடுக்கவேண்டும். ஆரூரனுக்கும் இருப்பது ஒரே ஒரு வயல்.

மறுநாள் சேந்தி சபைக்கு வந்தாள். "அண்ணே, ஊரைக் காப்பாத்தினதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா என் பிள்ளைங்க வருஷம் பூரா எதைத் தின்னும்? யாரு குடுப்பீங்களோ, குடுங்க" என்றாள்.

மணியனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாம்பூலம் வாங்கின கணமே ஆரூரன் ஏரிக்காரர் இல்லை. அவராப் போனார், அவராத் திறந்தார். ஊர் எதுக்குக் குடுக்கணும்?"

ஆரூரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஓடினப்போ யாராவது கையைப் பிடிச்சு நிறுத்தினீங்களாய்யா? அப்போ நான் ஏரிக்காரன்தான்!"

"அப்படின்னா தாம்பூலம் செல்லாது. நியாயப் பொறுப்பு வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் மணியனார்.

ஆரூரன் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் போனால் வயல் போகும், அந்தப் பக்கம் போனால் வாழ்நாள் ஆசை போகும். "நேத்து ஏரிக்காரன், இன்னிக்கு நியாயக்காரன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. "வழக்கைத் தீர்க்கவேண்டிய ஆளும் நீங்கதானே, தீர்த்துக்குங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆரூரன் தலை குனிந்து நின்றார். அந்த மேடைக்கு இப்படி வந்து சேருவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சேந்திக்கு நெல் கொடுக்கவேண்டியது ஊரா, ஆரூரனா? ஆரூரன் வாங்கிய தாம்பூலம் செல்லுமா, செல்லாதா?

விடை: ஊர்தான் கொடுக்கவேண்டும், தாம்பூலமும் செல்லும். ஆரூரன் சொல்லிச் சபை சிரித்த பேச்சுதான் சரியான பேச்சு. ஒரே ஆள் கையில் இரண்டு அதிகாரம் சேரக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சட்டம், ஏரி அநாதையாகக் கிடக்க அல்ல. அடுத்தவர் வரும்வரை பழையவருக்கு அதிகாரம் இல்லாமல் போகலாம், கடமை போகாது. ஆள் போடாமல் தள்ளிவைத்ததும் சாவியை அவரிடமே விட்டதும் ஊர். அவர் ஓடியதைப் பார்த்து வாய் மூடி இருந்ததும் அதே ஊர். அன்றைக்கு அவர் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆகவே இரண்டு பொறுப்பை அவர் அனுபவிக்கவும் இல்லை. ஒன்று மட்டும் அவருக்குத் தகாது: தன் வழக்கைத் தானே தீர்ப்பது. அதனால் பக்கத்து ஊர் நியாயக்காரரை வரவழைத்தார்கள், அவரும் இதைத்தான் சொன்னார். சேந்தி வீட்டு வாசலில் நெல் மூட்டைகள் இறங்கிய பிறகுதான் ஆரூரன் மேடை ஏறினார்.