முள்ளம்பன்றி எடுத்த கடற்கரை வீடு

முள்ளம்பன்றி பேச்சிக்கு ஒரே ஓர் ஆசைதான். பத்து நாள் யார் தொல்லையும் இல்லாமல் காலை நீட்டிப் படுக்க வேண்டும்.

காட்டில் அதற்கு வழியே இல்லை. அவள் வளைக்கு மேலே இருந்த அத்திமரத்தில் குரங்குகள் ஓயாமல் குடும்பச் சண்டை போட்டன. பக்கத்து வளைக் கீரி விடிவதற்கு முன்பே தொண்டையைச் செருமத் தொடங்கிவிடுவான். 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்' என்று வந்த உறவினர்கள் மழைக்காலம் முடியும் வரை நகரவில்லை. பாவம், அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்!

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் நல்லதம்பி. பெயரில்தான் நல்லவன். ஆள் நரி.

"அக்கா, கடற்கரையில என்கிட்ட ஒரு வீடு இருக்கு. தாழம்புதருக்கு அடியில குளுகுளுன்னு ஒரு வளை. வாசல்ல வெள்ளை மணல் முற்றம். எதிர்ல கடல். பத்து நாளைக்கு எல்லாமே உங்களுக்குத்தான்!"

"வேற யாரும் வரமாட்டாங்களே?"

"வந்தா விரட்டுங்க! வாடகை குடுத்தவங்க நீங்க. இளக்காரம் குடுத்தீங்கன்னா ஆளாளுக்கு உள்ள வந்திருவாங்க. முற்றத்துல ஒருத்தரையும் கால் வைக்க விடாதீங்க!"

பேச்சிக்கு வாயெல்லாம் பல். சேர்த்து வைத்திருந்த கிழங்கை எல்லாம் வாடகையாகக் கொடுத்துவிட்டு அன்றைக்கே நடையைக் கட்டினாள்.

வீடு அவன் சொன்னபடியே இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. கடல் காற்று வீசியது. பேச்சி கையைக் காலை நீட்டிப் படுத்தாள். கண் சொருகியது.

சரசரவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், முற்றத்தின் குறுக்கே ஒரு நண்டுக் கூட்டம்!

"யாரது? இது தனி வீடு! நான் வாடகைக்கு எடுத்திருக்கேன்!"

"என்னது, எடுத்திருக்கியா? எங்க வளையே இங்கதானே இருக்கு!" என்றது முன்னால் வந்த நண்டு.

"அதை நரிகிட்டப் போய்ச் சொல்லு!"

பேச்சி முள்ளைச் சிலிர்த்தாள். நண்டுகள் திட்டிக்கொண்டே ஓடின.

மறுநாள் காட்டுப்பன்றி வந்து முற்றத்து மணலை மோந்து பார்த்தான். "வருஷா வருஷம் நான் கிளறுற மணல் இது!" என்று உறுமினான். "இந்த வருஷம் என்னோடது!" என்று கத்தி அவனையும் விரட்டினாள். அதற்கடுத்த நாள் நாக்கை நீட்டிக்கொண்டு உடும்பு வந்தான். அவனுக்கும் அதே மரியாதைதான்.

மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. ஓய்வெடுக்க வந்தவள் வாசலில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு உறைத்தால்தானே! உரிமையை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறோம் என்ற மிதப்பு அவளுக்கு.

நான்காம் நாள் பொழுது சாயும் நேரம். கடலிலிருந்து ஒரு பெரிய ஆமை மூச்சு வாங்க மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"கொஞ்சம் வழி விடு தாயி. வயிறு நிறைய முட்டை. இந்த மணல்ல போட்டு மூடிட்டுப் போயிருவேன்."

"வேற இடத்துல போய்ப் போடு! கரை எவ்வளவு நீளம் கிடக்கு!"

"அந்தப் பக்கம் பூரா பாறை. இந்தப் பக்கம் அலை ஏறி அரிச்சிட்டுப் போயிரும். எங்க ஆளுங்க எல்லாரும் இங்கதான் போடுவாங்க. போன வாரம்கூட வந்து போட்டாங்க. என்னால ரொம்ப நேரம் தாங்க முடியாது."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? வாடகை குடுத்திருக்கேன்!"

பேச்சி முதுகைத் திருப்பிக்கொண்டு முள்ளைக் கலகலவென்று ஆட்டினாள். ஆமை அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வந்த வழியே உடம்பை இழுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள்.

பிள்ளைத்தாய்ச்சியை வாசலோடு விரட்டிவிட்டோமே என்று பேச்சிக்குத் தோன்றியதா? தோன்றவே இல்லை! 'என்ன தைரியம் இருந்தா என் முற்றத்துக்கே வரும்!' என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை நரி வந்தான்.

"வசதி எல்லாம் எப்படி அக்கா?"

"நல்லா கேட்ட! தனி வீடாம், தனி வீடு! பன்றி வந்தான், உடும்பு வந்தான், நேத்து ஒரு ஆமைகூட வந்துட்டா. எல்லாரையும் விரட்டிட்டேன்!"

நரியின் முகம் மாறியது.

"ஆமையையா விரட்டின? அடிப்பாவி! பன்றியையும் உடும்பையும் விரட்டத்தானே உன்னை இங்க வச்சேன்! ஆமை வந்து போட்டாத்தானே எனக்கு முட்டை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்?

"வச்சியா?" என்றாள் பேச்சி. "என்னை வச்சியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிச் செய்வான்! காவலுக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். இவனோ காவல்காரியிடமே வாடகை வாங்கியிருக்கிறான்! மண்ணுக்குள் கிடக்கும் முட்டையை எல்லாம் பங்கில்லாமல் தின்ன இப்படி ஒரு திட்டம்!

பேச்சி பின்பக்கமாகவே பாய்ந்தாள். நரியின் தொடையில் ஏழெட்டு முள் தைத்தது. மூக்கில் ஒன்று. அலறிக்கொண்டு ஓடியவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் அடங்காமலே பேச்சி அலையோரம் ஓடினாள். தூரத்தில் ஆமையின் தலை தெரிந்தது.

"ஆமையக்கா! வா, வந்து போடு! அந்தத் திருட்டு நரி என்னை ஏமாத்திட்டான்!"

ஆமை கரைக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அவன் உன்னை ஏமாத்தினான். சரி. என்னை விரட்டினது யாரு?"

பேச்சி காலால் ஈர மணலைக் கீறினாள்.

"விடியிற வரைக்கும் தாங்கிப் பார்த்தேன். பாதி முட்டை தண்ணியிலேயே போச்சு. மீதியையாவது போட விடுவியா? இல்ல, அதுக்கும் யாருக்காவது வாடகை குடுக்கணுமா?"

பேச்சியின் முள்ளெல்லாம் படிந்துபோனது. தலை குனிந்து முற்றத்தை விட்டு விலகி நின்றாள். ஆமை மேலே ஏறினாள், குழி தோண்டினாள், இருந்த முட்டையைப் போட்டு மூடினாள். போகும்போது பேச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குஞ்சுகள் பொரிந்து கடலில் இறங்கும் வரை பேச்சி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நரியும் பன்றியும் உடும்பும் கிட்டவே வர முடியவில்லை. இறங்கிய குஞ்சுகளை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனை குறைந்தன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விலை கொடுத்து வாங்கிய சுகமே ஆனாலும், அதற்காக அடுத்தவரை விரட்டினால் அந்தப் பழி விரட்டியவரையே சேரும்.