நான்கு பானைத் தண்ணீர்

இந்தக் கதையில் பானைகளில் இருந்தது மோர் என்று சொல்வாரும் உண்டு. தண்ணீர் என்று சொல்பவர்களே மிகுதி. அவர்கள் சொன்ன வழியே இது.

பொன்னுரங்கர் எண்ணெய் வணிகர். அறுபதைக் கடந்தபின் செக்கையும் வீட்டையும் மடத்துக்கு எழுதிவைத்துவிட்டு, அதன் தலைவி உமையாள் அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும்.

ஒருநாள் கடைத்தெருவில் ஓர் இளைஞன் அவரை மறித்தான்.

"பல் போன பிறகு கரும்புத் தோட்டத்தைத் தானம் செய்த பெரியவர் நீங்கள்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாம் கொடுத்தது கொடைதானா என்ற ஐயம் பொன்னுரங்கரைப் பிடித்துக்கொண்டது. எந்த வயதில் கொடுப்பதை அறம் ஏற்கும் என்று அம்மையிடம் கேட்டார். அம்மை அவரைக் கோடை முடியும்வரை சாலையோரத் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்ளும்படி பணித்தார்.

ஊரார் சுமந்துவந்து ஊற்றுவதே பந்தலின் நீர். சரக்கைத் தரம் பிரித்தே பழகிய பொன்னுரங்கர் யாரையும் கேளாமல் நான்கு பானைகளை வைத்தார். ஊற்றுபவரின் பருவப்படி சிறுவருக்கு ஒன்று, இளையோருக்கு ஒன்று, குடும்பத்தாருக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று. தம் பங்கை முதியோர் பானையில் ஊற்றிவிட்டுக் கவனிக்கத் தொடங்கினார்.

சிறுவர்கள் பாதியை வழியிலேயே சிந்தினார்கள். சிந்தியதற்காகவே மறுபடியும் ஓடினார்கள். திருவிழாக் கூட்டம் இருந்தவரை இளையோர் பானை வழிந்தது, கொடி இறங்கியதும் வறண்டது. பங்குனியில் அதில் நிறைகுடம் ஊற்றிய செங்கமலம் என்னும் பெண், மணமாகி, வைகாசியில் குடும்பத்தார் பானைக்கு அரைக்குடத்தோடு வந்தாள்.

"மாமியார் வீட்டில் மாடுகளும் குடிக்க வேண்டுமே, ஐயா."

ஆனால் அவள் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. முதியோர் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, யாராவது வந்து குடிக்கும்வரை நிழலில் காத்திருந்தார்கள்.

ஒரு நண்பகல் அம்மை பந்தலுக்கு வந்தார். பொன்னுரங்கர் மனம் வெதும்பி, எந்தப் பானையிலும் குறையற்ற கொடை இல்லை என்றும், தம்முடையதில் குறை மிகுதி என்றும் முறையிட்டார்.

அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே, உப்பு மூட்டை சுமந்துவந்த ஒருவர் சாலையில் சுருண்டு விழுந்தார்.

பொன்னுரங்கர் ஓடினார். ஊர்க் கிணறுகள் வற்றிய நேரம். ஒவ்வொரு பானையிலும் அடிநீரே கிடந்தது. எந்தப் பானையும் தனியே ஒரு செம்பை நிரப்பாது. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செம்பில் சாய்த்து, அந்த மனிதரின் தலையை மடியில் ஏந்திப் புகட்டினார்.

வறண்ட தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு மறுபடியும். இமைகள் பிரிந்தன. வெளுத்திருந்த கண்களுக்குள் உயிர் திரும்பிவருவதைப் பொன்னுரங்கர் கண்ணெதிரே கண்டார். அவர் மேனி சிலிர்த்தது.

அவர் அம்மையை நிமிர்ந்து பார்த்தார்.

"தாயே, இதில் என் நீரும் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் ஊற்றியிருக்க வேண்டாமா?"

"ஊற்றியிருந்தால் அன்று விழுந்தவர் எழுந்திருப்பார்," என்றார் அம்மை. "இவர் இன்றுதான் வந்தார்."