ரகசியச் சொல்லும் அரை மோதிரமும்

செம்பொழில் மன்னர் வீரகண்டருக்கு எதிரிப் படையைக் கண்டால் சிரிப்பு வரும். மாமியாரைக் கண்டால் வியர்த்துக் கொட்டும். அந்த அம்மாள் அரண்மனைக்கு வந்து மூன்று மாதமாயிற்று. போகிற பேச்சே இல்லை. அதனால் மன்னர் வேட்டை என்று சொல்லிக்கொண்டு மலைமேல் பாசறை போட்டுவிட்டார்.

மலையிலிருந்து கோட்டைக்கு ஆணை போக வேண்டுமே? பிரதானி திருமேனியார் வழி சொன்னார். “ஒரு ரகசியச் சொல் போதும், பிரபு. தூதன் அதைச் சொன்னால் கோட்டையில் எந்த ஆணையும் நடக்கும்.”

விகடகவி அழகப்பிரானுக்கு அது பிடிக்கவில்லை. “சொல் வாய்க்கு வாய் தாவும், பிரபு. உங்கள் மோதிரத்தை இரண்டாக வெட்டுங்கள். பாதி கோட்டையில், பாதி உங்களிடம். சொல்லும் சரியாக இருக்க வேண்டும், தூதன் கொண்டுபோகும் பாதியும் பொருந்த வேண்டும்.”

“என் வீட்டுக்கே இரண்டு பூட்டா? பத்து நாளில் நீர் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, அதை வைத்து ஓர் ஆணையை நடத்திக் காட்டும். இல்லையென்றால் மீசையை எடுத்துவிடும்!” என்றார் மன்னர்.

பன்னிரண்டு வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அழகப்பிரான் அதை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

பிரதானி கட்டிய சொல்லோ முழ நீளம். மன்னர் மனதில் அது நிற்கவே இல்லை. பிரதானி அதற்கும் யுக்தி செய்தார். தினம் காலையில் கட்டியக்காரன் கூவும் பட்டங்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டார்!

மறுநாள் மலையே கேட்கக் கூவினான் கட்டியக்காரன். “ராஜாதிராஜ! ராஜகம்பீர! முள்ளங்கி மத்தள முயல்குட்டி மார்த்தாண்ட! பராக், பராக்!”

மன்னரைப் புகழ்ந்தே பிழைக்கும் அழகப்பிரானுக்குத் தெரியாத பட்டமா? புதிதாக நுழைந்தது எது என்று உடனே பிடித்துவிட்டான். அன்றே அந்தச் சொல்லோடு கோட்டைக்கு ஆள் அனுப்பினான்.

ஐந்தாம் நாள் மலைப்பாதையில் பன்னிரண்டு பல்லக்குகள் வந்தன. முதல் பல்லக்கிலிருந்து மாமியார் இறங்கினார்.

“என்னைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை என்று சொல்லியனுப்பினீர்களாமே, மாப்பிள்ளை! ஊறுகாய் ஜாடியோடு வந்துவிட்டேன்.”

மன்னர் அழகப்பிரானைத் தனியே இழுத்தார். “எவன் அனுப்பியது?”

“நீங்கள்தான், பிரபு. சொல் சரியாக இருந்ததாம். சொல்லி அனுப்பியது யாரென்று பார்க்க அங்கே வேறு வழி ஏது?”

“நான் அனுப்பவில்லை!”

“அதை அந்த அம்மாளிடமே சொல்லிவிடுங்களேன்.”

மன்னர் திரும்பிப் பார்த்தார். “நானேதான் அழைத்தேன், அத்தை!”

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உம் மீசை பிழைத்தது, போம்!” என்று அழகப்பிரானுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். அப்போதே மோதிரம் இரண்டானது. பாதி கோட்டைக்குப் புறப்பட்டது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கை நீட்டினார்.

“மறுபாதியை என்னிடம் கொடுங்கள், மாப்பிள்ளை. இனி என்னை ஊருக்கு அனுப்பச் சொல்லி யாரும் கள்ள ஆணை போட முடியாது பாருங்கள்!”