காத்து வாங்கப் போன கெண்டைகள்

நண்டுக்குழி ஊரில் வடமலை, அய்யாவு, கோட்டைச்சாமி என்று மூணு அண்ணன் தம்பிகள். மூணு பேரும் ரொம்ப நல்லவர்கள். அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. விருந்துக்கு மீன் இவர்கள் பொறுப்பு. "உசிரோட துள்ளுற மீனா வரணும். செத்ததைத் தூக்கிட்டு வந்தா மாமன்காரனுங்க அப்படியே திரும்பிப் போயிரணும்" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவர்கள் மீன் வளர்த்த குட்டையில் கெண்டை நிறையக் கிடந்தது. மீன்குஞ்சு விற்றவர் ஒரு பிளாஸ்டிக் பட்டையும் கொடுத்திருந்தார். "இதைத் தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. நீலமா இருந்தா தண்ணியில காத்து இருக்கு. சிவந்தா காத்து இல்ல, மீனுக்கு மூச்சு முட்டும். உடனே காத்து குடுங்க."

காதுகுத்து அன்று விடியும்போது பட்டை சிவந்து கிடந்தது. மூணு பேரும் முறத்தை எடுத்துக் குட்டைக்கு விசிறினார்கள்.

"மெதுவாடா, மீனுக்குச் சளி பிடிச்சிரும்" என்றார் வடமலை.

பட்டை மாறவில்லை. கோட்டைச்சாமி அதை வெளியே எடுத்து உற்றுப் பார்த்தான். கையிலேயே நீலமாகிவிட்டது!

"அண்ணே, வெளிய நல்ல காத்து இருக்காம். பட்டையே சொல்லுது."

"அப்ப காத்தை உள்ள கொண்டு போறதா, மீனை வெளிய கொண்டு வர்றதா?" என்றான் அய்யாவு.

வெகுநேரம் யோசித்தார்கள். காத்தைப் பிடிக்க வலை இல்லை. மீனுக்கு இருந்தது.

கெண்டைகளை வலைபோட்டு அள்ளிக் கரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அவை துள்ளின.

"சந்தோசத்தைப் பாருண்ணே!"

துள்ளிய வேகத்தில் ஒவ்வொன்றாகக் குட்டைக்குள் விழுந்தன.

"காத்து வாங்கி முடியலியே, அதுக்குள்ள எங்கடி ஓடுறீங்க?" என்று மூணு பேரும் பின்னாலேயே குதித்தார்கள். எருமை இறங்கின மாதிரி குட்டையே கலங்கியது. ஒரு மீனும் சிக்கவில்லை. ஆனால் கோட்டைச்சாமி இடுப்பில் செருகியிருந்த பட்டை, தண்ணீருக்குள்ளேயே நீலமாக இருந்தது.

"வெளிய வாங்கின காத்தையெல்லாம் உள்ள கொண்டு வந்துருச்சுங்கடா! கெட்டிக்கார மீனுங்க" என்று வடமலை மூச்சு வாங்கக் கரையேறினார்.

அய்யாவு அலறினான். "அண்ணே! உங்க மூஞ்சி சிவந்துருச்சு! காத்து இல்ல! மடியில வச்சுக் காது குத்த மூத்த மாமன் உசிரோட வேணுமே! சீக்கிரம் தண்ணிக்குள்ள போங்க, அங்கதான் நிறைய இருக்கு!"

"நல்லவேளை பார்த்தே" என்று வடமலை முங்கினார். இருமிக்கொண்டே எழுந்தார்.

"காத்தே வரலடா!"

"வாயை இறுக்கி மூடிக்கிட்டா எப்படிண்ணே வரும்? மீனைப் பாருங்க, திறந்து திறந்து மூடுது."

அதுவும் சரிதான் என்று வடமலை வாயைத் திறந்துகொண்டு மறுபடி முங்கினார்.