அர்த்தநாரியின் பட்டி

அர்த்தநாரியின் வாயை எப்படி அடைப்பது என்று தவமணி அம்மாவுக்குத் தெரியவில்லை.

பவானி ஆற்றங்கரையில் அம்மா நடத்திய சின்ன மடத்துக்கு அவர் நரைத்த மீசையோடு வந்து சேர்ந்தவர். அம்மாவைவிட மூத்தவர். துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்திருந்தார். வந்த நாளிலிருந்து ஒரே புராணம்தான். காங்கேயத்துப் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு மேய்ச்சல் காடு. அதில் ஒரு மாட்டுப் பட்டி. அங்கே கழிந்த அவருடைய பிள்ளைப் பருவம்.

அம்மா மௌனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “எங்கள் காரிக் காளையும் அப்படித்தான் அம்மா, சத்தமே காட்டாது” என்பார். சாவைப் பற்றிப் பேசினால் கிழட்டு மயிலைப் பசு செத்த கதை வரும். கஞ்சி குடிக்கும்போது, காட்டைச் சுற்றி நட்ட கிளுவை முள்வேலியின் கதை. மழை பெய்தால், அப்பாவின் தோளில் உட்கார்ந்து மாடு பார்த்த கதை. அவர் வருவதைக் கண்டால் மற்ற சீடர்கள் துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போய்விடுவார்கள். அம்மா எங்கே போவது? குருவாயிற்றே.

ஒருநாள் காலையில் அவர் கேட்டார்.

“அம்மா, கண்ணை மூடினால் பட்டிதான் தெரிகிறது. மாடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. இந்தப் பற்றை எப்படி விடுவது?”

“கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.”

“திறந்தாலும் வருகின்றன.”

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான பெண் வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அர்த்தநாரி எழுந்து நின்றார்.

“அக்கா! நீங்க எங்கே இங்கே?”

அம்மா நிமிர்ந்தார். “உங்களுக்கு அக்கா உண்டா?”

“பாவாத்தாள் அக்கா. பட்டியை இவங்கதான் பார்த்துக்கறாங்க. சொன்னதில்லையா?”

“எந்தக் காளைக்கு எங்கே சுழி என்பதுவரை சொல்லியிருக்கிறீர்கள். அக்காவைச் சொன்னதில்லை. அந்தக் கதைகளிலெல்லாம் இவர் எங்கே இருந்தார்?”

அர்த்தநாரி யோசித்தார். “அங்கேதான் இருந்தாங்க...”

பாவாத்தாள் சிரித்தார். “சாணி அள்ளீட்டு இருந்தனுங்க சாமி. இவன் அப்பா தோளை விட்டு எறங்க மாட்டான். சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்?”

சுவரோரம் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னார். முட்டி தேய்ந்துவிட்டது. ஆபரேஷனை இனியும் தள்ளிப் போட்டால் கால் மடங்காது என்கிறார் டாக்டர். குணமாகி எழும்வரை பட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

“கூலிக்கு வர்றவங்க நாலு நாள்ல ஓடிப் போயர்றாங்க. நீ வந்தீன்னா மாடுக பொழைச்சுக்கும் தம்பி. இல்லீன்னா வித்துப்போட வேண்டியதுதான்.”

“விக்கறதா? நம்ம பட்டியையா?” அர்த்தநாரியின் கண் கலங்கியது. பிறகு மெல்ல, “ஆனா நான் எப்படிக்கா வர்றது? அங்கே வந்தா மனசு அப்படியே ஒட்டிக்கும். அதை அறுக்கத்தானே இங்கே உட்கார்ந்திருக்கேன்” என்றார்.

“சரி தம்பி. நீ நல்லா இரு” என்று பாவாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்தார்.

அக்கா கோபப்பட்டிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா விருட்டென்று உள்ளே போனார். இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாருங்கள் அக்கா, போகலாம்.”

“எங்கே அம்மா?” என்று பதறினார் அர்த்தநாரி.

“பட்டிக்கு.”

“நீங்களா? பால் கறக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“பழகாத ஆளை உதைக்கும் அம்மா!”

“உதைக்கட்டும்.”

பாவாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ சாமி, நீங்க வந்து சாணி அள்ளறதா? எங்களுக்குப் பாவமுங்க.”

“தினமும் உங்கள் தம்பி கதையைக் கேட்பதற்கு அது எவ்வளவோ தேவலை.”

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அக்காவின் காலுக்கு ஏற்ற நடை. அர்த்தநாரி செருப்பில்லாமல் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் புலம்பல். அம்மா போனால் பாடம் யார் சொல்வது? காரிக்கு வெயில் ஆகாதே, அது யாருக்குத் தெரியும்? அந்தக் காளை செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்றார் பாவாத்தாள். அதையும் அவர் காதில் வாங்கவில்லை.

பஸ் வந்து நின்றது. அம்மா முதலில் ஏறினார். பாவாத்தாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு மறு காலைத் தூக்க முடியாமல் நின்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கீழே நின்றபடி அர்த்தநாரி கத்தினார்.

“பற்று கூடாது, எல்லாவற்றையும் விடு என்று நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள்!”

அம்மா படிக்கட்டிலிருந்து குனிந்து பார்த்தார்.

“எதையாவது பிடித்திருந்தால்தானே விடுவதற்கு? முதலில் அக்கா கையைப் பிடியுங்கள்.”